காற்று முன்னே, வண்ணம் பின்னே!



நவராத்திரி நேரத்தில் கொலு பார்க்கப் போயிருக்கிறீர்களா? விநாயகர் சதுர்த்தி சமயத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் சிலைகளைப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை பார்க்கும்போது பொம்மையின் கன்னத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடுவில் நல்ல ரோஜா நிறம் இருக்கும். அதைச் சுற்றி வெளிர் ரோஜா. அப்புறம் அப்படியே தோல் நிறம். சரி, ரோஜா எங்கே முடிந்தது, தோல் நிறம் எங்கே தொடங்கியது? விரல் வைத்துக் காட்டுங்கள் பார்க்கலாம். முடியாது! நடுவில் கோடே இருக்காது.

தூரிகையால் இப்படிப் பூசுவது மிகவும் கடினம். தூரிகையின் மயிர் போன தடம் தெரிந்துவிடும். இந்த மாயத்தைச் செய்வது காற்று.

நம் கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியும், கடலூரை ஒட்டிய வண்டிப்பாளையமும் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். களிமண்ணிலும் காகிதக் கூழிலும் பொம்மை செய்து, காயவைத்து, வெள்ளை பூசி, பிறகு வண்ணம் தீட்டுவார்கள். கண், புருவம், நகை இவற்றை மெல்லிய தூரிகையால் எழுதுவார்கள். உடம்பு, ஆடை போன்ற பெரிய பகுதிகளுக்கு இப்போது பல பட்டறைகளில் கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் வந்துவிட்டன.

அந்த ஸ்ப்ரே கன்னுக்கு ஒரு தம்பி உண்டு. பேனா அளவுதான் இருப்பான். கோபுரத்தையும் வரைவான், குருவியின் இறகையும் வரைவான். அவன் பெயர் ஏர்பிரஷ். தமிழில் காற்றுத் தூரிகை என்று சொல்லலாம். பெரிய பொருள்களை அளவு பிசகாமல் குட்டியாகச் செய்து மகிழ்கிறவர்கள், அதாவது ஸ்கேல் மாடல் செய்கிறவர்கள், இந்தத் தம்பியை உயிராக மதிப்பார்கள். அவன் எப்படி வேலை செய்கிறான், பழகிய கை அவனை மறந்துவிட்டால் மறுபடி எப்படிக் கற்றுக்கொள்வது என்று இந்த வாரம் பார்ப்போம்.

குட்டி மதகு

உங்கள் தாத்தா காலத்தில் கொசு மருந்து அடிக்க ஒரு தகரப் பம்பு இருந்தது. ‘ஃபிளிட் பம்பு’ என்பார்கள். கைப்பிடியை வேகமாகத் தள்ளினால் காற்று ஒரு சின்னக் குழாயின் வாய்க்கு மேலே பாய்ந்து போகும். அந்தக் குழாயின் அடிப்பகுதி மருந்தில் மூழ்கியிருக்கும்.

வேகமாக ஓடும் காற்று, குழாய் வாயில் இருக்கும் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அதனால் அந்த இடத்தில் அழுத்தம் குறையும். கீழே மருந்தின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுக்கு அழுத்தம் அதிகம். அது மருந்தைக் குழாய் வழியாக மேலே தள்ளும். மேலே வந்த மருந்தைப் பாய்ந்து வரும் காற்று பொடிப் பொடித் துளிகளாகச் சிதறடிக்கும். அவ்வளவுதான்! ஏர்பிரஷ்ஷிலும் இதே தத்துவம்தான்.

ஆனால் ஏர்பிரஷ்ஷில் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. அதன் உள்ளே நீளமான ஓர் ஊசி. ஊசியின் கூர்முனை, முன்னால் இருக்கும் நாசில் என்ற சின்னத் துளையைச் சரியாக அடைத்துக்கொண்டு நிற்கும். அந்தத் துளையின் அகலம் எவ்வளவு தெரியுமா? மாடல் செய்கிறவர்கள் வைத்திருக்கும் ஏர்பிரஷ்களில் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர்தான்!

வீராணம் ஏரி நிரம்பினால் லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை மதகைத் திறந்து உபரி நீரை வெளியேற்றுவார்கள் அல்லவா? ஷட்டரைக் கொஞ்சம் தூக்கினால் கொஞ்சம் தண்ணீர் வரும். நிறையத் தூக்கினால் வெள்ளமாகப் பாயும். ஏர்பிரஷ்ஷின் ஊசியும் ஒரு குட்டி மதகு ஷட்டர்தான். ஊசியை மயிரிழை பின்னால் இழுத்தால் நூல் போன்ற கோடு. நன்றாக இழுத்தால் அகலமான பட்டை.

மேலே இருக்கும் விசையை ஒற்றை ஆள்காட்டி விரல்தான் இயக்குகிறது. விரலைக் கீழே அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் வண்ணம் வரும். ஒரே விரலுக்கு இரண்டு வேலை! இதை ‘இரட்டைச் செயல்’ ஏர்பிரஷ் என்பார்கள். அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வருகிற ‘ஒற்றைச் செயல்’ வகையும் உண்டு. பழக அது சுலபம். ஆனால் நுணுக்கமான வேலைக்கு இரட்டைச் செயல்தான் கைகொடுக்கும்.

பிறந்த கதை

ஏர்பிரஷ் பிறந்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆப்னர் பீலர் என்பவர் 1879-ல் கையில் கிடைத்த பொருள்களை வைத்து, காற்றால் வண்ணம் தெளிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். லிபர்ட்டி வாக்கப் என்பவர் அதை வாங்கிச் செம்மைப்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1893-ல் சார்லஸ் பர்டிக் என்பவர் பேனா போலப் பிடித்து வரையும் வடிவத்தைக் கொடுத்தார். இன்று நாம் பார்க்கும் ஏர்பிரஷ் அதன் வாரிசுதான்.

அந்த நாளில் புகைப்படக்காரர்களுக்கு இது வரப்பிரசாதமாக இருந்தது. படத்தில் விழுந்த புள்ளியையும் கீறலையும் ஏர்பிரஷ்ஷால் மறைத்தார்கள். 1990-ல் வெளிவந்த ஃபோட்டோஷாப் மென்பொருளில் ‘ஏர்பிரஷ்’ என்றே ஒரு கருவியை வைத்தார்கள். கணினித் திரையில் சுட்டியை அசைத்து இதமாக வண்ணம் தெளிக்கிறீர்களே, அந்தப் பெயர் இந்தக் கைக்கருவியிலிருந்து போனதுதான்!

குட்டி விமானமும் பெரிய கணக்கும்

இப்போது ஸ்கேல் மாடல் பக்கம் வருவோம்.

உலகத்தில் பிளாஸ்டிக் மாடல்களுக்குப் பெயர் பெற்ற நிறுவனங்களில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, 1939-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ். இவர்கள் 1953-ல் ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானத்தின் மாடலை வெளியிட்டார்கள். இன்னொன்று ஜப்பானின் ஷிசுவோகா நகரில் இருக்கும் தமியா. 1946-ல் மரக்கடையாகத் தொடங்கி, மரப் பொம்மைகள் செய்து, 1960-ல் யமாட்டோ என்ற போர்க்கப்பலின் பிளாஸ்டிக் மாடலுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் செய்த டாங்கியின் அளவு 1/35. ஏன் 35? டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் வைக்க இடம் வேண்டியிருந்தது. அதற்குத் தகுந்த அளவில் செய்தார்கள். அது 1/35 ஆக அமைந்தது. இன்று உலகம் முழுவதும் ராணுவ வண்டி மாடல்களுக்கு அதுவே ஒரு வழக்கமான அளவு ஆகிவிட்டது!

விமானங்களுக்குப் பழக்கமான அளவு 1/72. ஓர் அடிக்கு 12 அங்குலம். ஆறு அடிக்கு 72 அங்குலம். அப்படியானால் 1/72 அளவில் ஆறு அடி மனிதர் ஓர் அங்குலம் ஆகிவிடுவார்!

ஸ்பிட்ஃபயர் விமானத்தின் ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு இறக்கை நுனி வரை சுமார் 11.23 மீட்டர். இதை 72-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15.6 சென்டிமீட்டர். உங்கள் பெட்டியில் இருக்கும் சின்ன அளவுகோலின் நீளம்தான்.

இங்கேதான் வண்ணத்தின் கணக்கு வருகிறது. தூரிகையால் கொஞ்சம் தடிமனாகப் பூசிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்ணத்தின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். பார்க்கச் சின்னதுதான். ஆனால் அதை 72-ஆல் பெருக்குங்கள். 7.2 மில்லிமீட்டர்! நிஜ விமானத்தின் மேல் விரல் தடிமனுக்கு வண்ணம் அப்பியிருந்தால் எப்படி இருக்கும்? தகடுகளின் இணைப்புக் கோடுகள் எல்லாம் மூடிப்போகும். மாடல் பொம்மையாகத் தெரியும், விமானமாகத் தெரியாது. ஏர்பிரஷ் போடும் பூச்சு அதைவிடப் பல மடங்கு மெல்லியது. மாடல் செய்கிறவர்கள் அதைத் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான்.

லால்பேட்டையில் ஒரு பாய்

காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில், வீராணம் ஏரிக்கரையில் இருக்கிறது லால்பேட்டை. பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அப்படிப் போய் வந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தெருவில் எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

பாய் அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். வேன்களின் பக்கவாட்டில் பாலைவனம், பேரீச்சை மரம், சூரிய அஸ்தமனம் எல்லாம் ஏர்பிரஷ்ஷால் வரைவாராம். ஊர் திரும்பியபோது ஒரே ஒரு ஏர்பிரஷ்ஷைத் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்து வந்தார். அதற்கப்புறம் பதினைந்து ஆண்டுகள் அந்த டின்னைத் திறக்கவே இல்லை.

அவருடைய பேரன் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். துபாயில் இருக்கும் அவன் தந்தை, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஸ்பிட்ஃபயர் மாடல் பெட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். பையனுக்குத் தலைகால் புரியவில்லை! விமானியின் இருக்கையைத் தூரிகையால் பூசிப் பார்த்தான். திட்டுத் திட்டாகிவிட்டது. உடனே பயந்துபோய் மூடியைப் போட்டுவிட்டான்.

“இது கெட்டுப்போனா அத்தா அடுத்த லீவுக்கு வர்ற வரைக்கும் வேற கிடைக்காது சார்” என்றான் என்னிடம். அவனுக்கு அது வெறும் பிளாஸ்டிக் இல்லை. அத்தா தேடிப் பிடித்து அனுப்பியது.

அப்போதுதான் பாய் பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

ஊசி கொஞ்சம் வளைந்திருந்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்திருந்தன. ஊசியையும் வளையங்களையும் புதிதாக வாங்கி மாற்றினார். சின்ன கம்ப்ரஸர் ஒன்றும் வாங்கினார். ஒரு செய்தித்தாளை அட்டையில் ஒட்டி நிறுத்தி, கறுப்பு வண்ணத்தைக் கிண்ணியில் ஊற்றி, பழைய நினைப்பில் விசையை அழுத்தி இழுத்தார். தாளில் நடுவில் ஒரு பெரிய சொட்டு. அதிலிருந்து எட்டுத் திசையிலும் கால் நீட்டிய சிலந்தி!

பையன் சிரித்துவிட்டான். பாய் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சிலந்தியையே பார்த்தார்.

“வண்டிக்கு அடிச்ச கை சார் இது. அங்கே ஆள் உயரத்துக்கு மரம் வரையணும். இங்கே விமானமே அரை அடிதான். பழைய வேகம் இதுக்கு ஆகாது. முதல்லேர்ந்து பழகணும்” என்றார்.

பேரனிடம் ஒரு நிபந்தனையும் போட்டார். “கட்டத்துக்கு ஒரு புள்ளின்னு நூறு புள்ளி ஒரே அளவில் வைக்கிற வரைக்கும், நானும் விமானத்தைத் தொட மாட்டேன். நீயும் தொடக்கூடாது.”

நான்கு கோடு நோட்டு

ஒன்றாம் வகுப்பில் நீங்கள் நான்கு கோடு நோட்டில் எழுதிப் பழகினீர்கள் அல்லவா? நேராக வாக்கியம் எழுதச் சொன்னார்களா? இல்லை. முதலில் சாய்கோடு, பிறகு வளைகோடு, அப்புறம்தான் எழுத்து. ஏர்பிரஷ்ஷுக்கும் ஒரு நான்கு கோடு நோட்டு உண்டு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கும், மறந்துபோய் மறுபடி பழகுகிறவர்களுக்கும் அதே நோட்டுத்தான். பாய் பழகிய படிகள் இவை.

முதல் படி: வெறும் தண்ணீர். கிண்ணியில் வண்ணம் இல்லை, தண்ணீர் மட்டும். விரலுக்கு ஒரே ஒரு பாடம்: தொடங்கும்போது முதலில் காற்று, பிறகு வண்ணம். நிறுத்தும்போது முதலில் வண்ணத்தை நிறுத்து, கடைசியில் காற்றை நிறுத்து. “காற்று முன்னே, வண்ணம் பின்னே. வண்ணம் போகணும், அப்புறம்தான் காற்று போகணும்” என்று பாய் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே செய்தார். காற்றை முதலில் நிறுத்திவிட்டால் ஊசி நுனியில் வண்ணம் தேங்கி நிற்கும். அடுத்த முறை அழுத்தியதும் அது ‘தூ’ என்று துப்பும்!

இரண்டாம் படி: புள்ளிகள். கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு புள்ளி. எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். அம்மா கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் பாருங்கள். மாவு கீழே விழும் அளவை இரண்டு விரல்களே தீர்மானிக்கின்றன. இதுவும் அப்படித்தான்.

மூன்றாம் படி: கோடுகள். இரண்டு புள்ளிகளைக் கோட்டால் இணைக்க வேண்டும். கை நகரத் தொடங்கிய பிறகுதான் வண்ணம் வர வேண்டும். கை நிற்பதற்கு முன்பே வண்ணம் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கோட்டின் இரண்டு முனையிலும் குண்டு குண்டாகத் தலை முளைக்கும்.

நான்காம் படி: வால் கோடு. ஒரு முனையில் அகலமாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, எலிவால் போல முடிய வேண்டும். கையைத் தாளுக்கு அருகில் கொண்டுபோய்க்கொண்டே, ஊசியையும் மெல்ல மெல்ல மூட வேண்டும். கை, விரல், கண் மூன்றும் ஒன்றாக வேலை செய்தால்தான் இது வரும்.

ஐந்தாம் படி: உருண்டை. ஒரு வட்டத்துக்குள் ஒரு பக்கம் இருட்டு, மறுபக்கம் வெளிச்சம் காட்ட வேண்டும். தட்டையான வட்டம் பந்தாக எழுந்து நிற்கும்! இது வந்துவிட்டால் பழைய பிளாஸ்டிக் கரண்டிகளில் பழகலாம். கரண்டியின் வளைவு விமானத்தின் உடம்பு மாதிரியே இருக்கும்.

கோளாறு சொல்லும் பாடம்

ஏர்பிரஷ் தப்பாக அடித்தால் அதைத் திட்டக் கூடாது. அது ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

சிலந்திக்கால் வந்தால்: வண்ணம் மிகவும் தண்ணீராக இருக்கிறது, அல்லது தாளுக்கு மிக அருகில் பிடித்திருக்கிறோம், அல்லது காற்று அதிகம்.

மணல் மணலாகச் சொரசொரப்பாக வந்தால்: வண்ணம் போய்ச் சேரும் முன்பே காற்றிலேயே காய்ந்துவிடுகிறது. தூரமாகப் பிடித்திருக்கலாம். வண்ணம் கெட்டியாக இருக்கலாம்.

விட்டு விட்டுத் துப்பினால்: ஊசி நுனியில் வண்ணம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. நிறுத்தித் துடைக்க வேண்டும்.

வண்ணத்தின் பதம் எப்படி இருக்க வேண்டும்? கிண்ணியின் ஓரத்தில் தொட்டு வைத்தால் பால் போல வழிய வேண்டும். தயிர் போல நிற்கவும் கூடாது, மோர்த் தண்ணீர் போல ஓடவும் கூடாது. காற்றழுத்தம் பொதுவாக 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். மோட்டார் சைக்கிள் டயருக்கு அடிப்பதைவிடக் குறைவு!

நம் ஊர் மழைக்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றில் ஈரம் அதிகம். கம்ப்ரஸர் அந்த ஈரக் காற்றை அழுத்தும்போது குழாய்க்குள் தண்ணீர் சேரும். நல்ல பூச்சின் நடுவில் திடீரென்று ஒரு தண்ணீர்த் துளி வந்து விழும். இதற்காகக் குழாயின் நடுவில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் சின்னக் குப்பி ஒன்றை மாட்டுவார்கள். வேலை முடிந்ததும் அதைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

கை மறக்குமா?

முதல் மூன்று நாள் பாயின் தாள் முழுக்கச் சிலந்திகள்தான். நான்காம் நாள் வரிசையாகப் பத்துப் புள்ளி சரியாக வந்தது. அப்புறம் வேகம் பிடித்துவிட்டது. இரண்டாவது வாரக் கடைசியில் தையல் நூல் மாதிரி கோடு போட்டார்.

அவரோடு சேர்ந்து அதே தாள்களில் பேரனும் பழகினான். அவன் அப்போதும் புள்ளியில்தான் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். “ஒரே நாள்லதானே ரெண்டு பேரும் ஆரம்பிச்சோம்?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி! இதற்கு ஒரு ஜெர்மானிய அறிஞர் எப்போதோ பதில் சொல்லியிருக்கிறார். ஹெர்மன் எப்பிங்காஸ் என்பது அவர் பெயர். அர்த்தமே இல்லாத அசைகளை வரிசையாக எழுதி, அவரே மனப்பாடம் செய்வார். நாள் கழித்து மறந்துபோன பிறகு, அதே வரிசையை மறுபடி மனப்பாடம் செய்வார். இரண்டு முறைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துவைப்பார். 1885-ல் தம் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். மறந்துபோனதாக நினைத்த பாடத்தை மறுபடி கற்க, முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆனது! அதாவது, முதலில் பட்ட பாட்டில் ஒரு பங்கு உள்ளே சேமிப்பாகத் தங்கியிருக்கிறது.

அவர் சோதித்தது அசைகளை. கைவேலைக்கும் இந்தச் சேமிப்பு உண்டு. சைக்கிள் ஓட்டக் கற்றவர் பல ஆண்டு கழித்து ஏறினாலும் கொஞ்சம் தள்ளாடிவிட்டு ஓட்டிவிடுகிறார். நீச்சலும் அப்படியே. அசைவுகளைச் சீராக நடத்துவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே பதிந்தது எளிதில் அழிவதில்லை. ஆனால் நுணுக்கமான அளவு, அதாவது எவ்வளவு அழுத்துவது, எவ்வளவு இழுப்பது என்பது மங்கிப்போகும். அதைத் துலக்கத்தான் முதல் படிக்குப் போக வேண்டும்.

பாய்க்கு இருபது ஆண்டுச் சேமிப்பு இருந்தது. பேரன் இப்போதுதான் உண்டியலில் முதல் காசு போடுகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்!

விமானம் எழுந்தது

நூறு புள்ளி நிபந்தனையைப் பாய் முதலில் முடித்தார். ஆனாலும் பேரன் முடிக்கும்வரை காத்திருந்தார். அதற்கு மேலும் ஒரு வாரம் ஆனது. பிறகுதான் பெட்டியைத் திறந்தார்கள்.

பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் ஒட்டாது. ஒட்டிச் சேர்த்து, சாம்பல் நிறப் பிரைமர் அடித்தார்கள். வீட்டுச் சுவருக்குப் பெயிண்டுக்கு முன் பிரைமர் அடிப்பது போலத்தான். தகடுகளின் இணைப்புக் கோடுகள் மேல் மெல்லிய கறுப்புக் கோடு போட்டார் பாய். மேலே நிறம் வந்த பிறகு அது நிழலாக மட்டும் தெரியும்.

ஸ்பிட்ஃபயரின் மேல்பக்கம் கரும்பச்சையும் மண் நிறமும். அடிப்பக்கம் வானத்தோடு கலக்கும் வெளிர் நிறம். ஏன்? மேலே பறக்கும் எதிரி குனிந்து பார்த்தால் வயலும் மண்ணுமாகத் தெரிய வேண்டும். கீழே இருப்பவர் அண்ணாந்து பார்த்தால் வானமாகத் தெரிய வேண்டும். இதே ஸ்பிட்ஃபயர் ஒரு காலத்தில் நம் இந்திய விமானப் படையிலும் பறந்திருக்கிறது.

மேல்பக்கத்தைப் பாய் அடித்தார். அடிப்பக்கத்தைப் பேரன் அடித்தான். ஒரே தடவையில் மூடிவிடாமல், மெல்லிய பூச்சு, கொஞ்சம் காயவிட்டு இன்னொரு பூச்சு என்று நான்கு முறை. இடது இறக்கையின் ஓரத்தில் ஒட்டுத் தாளுக்கு அடியில் கொஞ்சம் பச்சை கசிந்துவிட்டது. மெல்லிய தூரிகையால் அதைச் சரிசெய்தார்கள். உற்றுப் பார்த்தால் இப்போதும் தெரியும். கடைசியில் சின்னங்களை ஒட்டி, மினுமினுப்பு இல்லாத வார்னிஷ் அடித்தார்கள். நான் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இணைப்புக் கோடு ஒன்றுகூட மூடவில்லை.

வேலை முடிந்ததும் பாய் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? விமானத்தை ரசிப்பது அல்ல. ஊசியை உருவி, நாசிலைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகக் கழுவித் துடைத்தது! ஏர்பிரஷ் பெரும்பாலும் அடிக்கும்போது கெடுவதில்லை. கழுவாமல் வைக்கும்போதுதான் கெடுகிறது.

கவனம், குழந்தைகளே!

ஏர்பிரஷ்ஷைப் பெரியவர்கள் இல்லாமல் நீங்களாக இயக்கக் கூடாது. வண்ணத் துகள்கள் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. துணி முகக்கவசம் போதாது. வண்ண வேலைக்கு என்று இருக்கும் வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும். கதவு, சன்னல் திறந்திருக்க வேண்டும். தின்னர் தீப்பிடிக்கும் பொருள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கவே கூடாது. தொடங்குகிறவர்களுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே நல்லது. காற்று வரும் முனையைக் கண்ணுக்கோ, உடம்புக்கோ, நண்பனுக்கோ நேராகக் காட்டவே கூடாது. விளையாட்டுக்குக்கூட வேண்டாம்!

நீங்களே செய்து பாருங்கள்

கம்ப்ரஸரும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். இரண்டு காகித ஸ்ட்ராவும் ஒரு தம்ளர் தண்ணீரும் போதும்.

ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் மேல்முனை தண்ணீருக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் மட்டும் இருக்குமாறு வெட்டிக்கொள்ளுங்கள். இன்னொரு ஸ்ட்ராவைப் படுக்கைவாக்கில் பிடித்து, அதன் முனை முதல் ஸ்ட்ராவின் வாய் விளிம்பைத் தொடுமாறு வையுங்கள். இப்போது பலமாக ஊதுங்கள். தண்ணீர் தானாக ஏறி, பூந்தூறலாகத் தெறிக்கும்! வரவில்லையா? இரண்டாவது ஸ்ட்ராவை மயிரிழை மேலே, கீழே நகர்த்திப் பாருங்கள். அந்த மயிரிழையில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவர் ஊதிய ஸ்ட்ராவை இன்னொருவர் வாயில் வைக்க வேண்டாம்.

இன்னொன்று. வெள்ளைத் தாளில் ஒரு வேப்பிலைக் கொத்தை வையுங்கள். பழைய பல் தூரிகையில் வாட்டர் கலரைத் தொட்டு, சீப்பின் மேல் மெல்லத் தேயுங்கள். துளிகள் தெறிக்கும். காய்ந்ததும் இலையை எடுங்கள். வெள்ளையாக ஒரு வேப்பங்கொத்து தாளில் இருக்கும்!

இந்த வித்தை உங்களோடு தொடங்கியது இல்லை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், பாறையில் கையை வைத்து, சுற்றிலும் சாயத்தைத் தெறிக்கவிட்டு, கையின் வடிவத்தைப் பதித்த குகை ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வயது குறைந்தது 39,900 ஆண்டுகள் என்று 2014-ல் ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்தார்கள்.

நீங்களும் ஏதாவது ஒன்றைப் பாதியில் விட்டிருப்பீர்கள். வீணை, ஹார்மோனியம், செஸ், நீச்சல், நல்ல கையெழுத்து என்று ஏதோ ஒன்று. “எல்லாம் மறந்துபோச்சு” என்று டின்னை மூடி வைக்காதீர்கள். முதல் பாடத்துக்குப் போக வெட்கப்படவும் வேண்டாம். நூறு புள்ளியிலிருந்து தொடங்குங்கள். உண்டியலில் உங்கள் பழைய காசு இன்னும் இருக்கிறது!

கணக்குப் புதிர்

உங்கள் வீட்டுத் தென்னை மரத்தின் உயரம் 30 அடி. 1/72 அளவில் அதற்கு மாடல் செய்தால் எத்தனை அங்குல உயரம் இருக்கும்? அதே மரத்தை 1/36 அளவில் செய்தால்?

விடை: 5 அங்குலம், 10 அங்குலம்.